'கேட்ச்' முதலில் துரத்தியது

'கேட்ச்' (catch) என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, கிரிக்கெட்டை உதாரணம் காட்டி, அதற்குப் 'பிடி' என்று பொருள் சொல்வதோடு நின்றுவிட்டது; சுவையே அதற்குப் பிறகுதான். லத்தீனில் பிறந்து நார்மன் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த வினை இது. தொடக்கத்தில் துரத்துதல் என்றே பொருள். அதே சொல்லின் பாரீஸ் பக்கத்து வடிவமான 'சேஸ்' (chase) பின்னால் வந்து அந்தப் பொருளைப் பறித்துக்கொண்டது.

பாம்பனில் என்னிடம் படிக்கும் பிள்ளைகள் இறந்தகாலத்துக்கு 'கேட்ச்டு' (catched) என்று எழுதுகிறார்கள். திருத்துவேன், திட்ட மாட்டேன். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த வினைகளுக்கு அப்படி 'ed' சேர்ப்பதுதான் வழக்கம். பற்றுதல் என்று பொருள்பட்ட 'லேட்ச்' (latch) என்னும் பழைய ஆங்கில வினையைப் பார்த்துத்தான் இது 'காட்' (caught) ஆனது.

பஸ், சளி, தீ எல்லாவற்றுக்கும் இந்த வினை பொருந்தும். பெயர்ச்சொல்லானால், வலையில் பிடிபட்டதைக் கரையில் காரல் மீனும் நண்டுமாகக் கொட்டும்போது நாங்கள் 'பாடு' என்கிறோமே, அதுவே. இதை விட்டுவிட்டுக் கட்டுரை கிரிக்கெட்டை மட்டும் உதாரணம் காட்டியது என்ன கணக்கோ!