பழகும் குணமா, பழக இடமா?

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்கள் ஆறே மாதத்தில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். ஜெர்மன்காரர்கள் ஒட்டமாட்டார்களாம். அமெரிக்கர்கள் சட்டென்று பழகுவார்களாம். ஜப்பானியர்கள் மனம் திறக்கவே மாட்டார்களாம். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. மாணவர்கள் எங்கே தங்குகிறார்கள், சங்கங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, சட்டம் எதைத் தடுக்கிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். மது வாங்கும் வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியைக் குறைப்போம் என்று 1984இல் சட்டம் வந்தது. இளங்கலை மாணவர்களில் பெரும்பகுதி 21க்குக் கீழே. அவர்களுக்காகக் கல்லூரி வெளிப்படையாக ஒரு பார் நடத்த முடியாது. கொண்டாட்டம் பல இடங்களில் ஃபிராட்டர்னிட்டி எனப்படும் ஆண் மாணவர் சங்கங்களின் வீடுகளுக்குள் போய்விட்டது. அந்த வீடுகள் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தவைதான். ஆனால் யார் உள்ளே வரலாம் என்று முடிவு செய்யும் சாவி அந்தச் சங்கத்தார் கைக்குப் போனது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத விஷயம். பிரிட்டனில் சட்ட வயது 18. அதனால் மாணவர் யூனியன் கட்டடத்திலேயே பார் இருக்கும். விவாதக் குழுவும் மலையேற்றக் குழுவும் கூட்டம் முடிந்து அங்கேயே உட்கார்ந்து பேசலாம். குடிக்காதவர்களுக்கு அது சங்கடம்தான், மறுக்கவில்லை.

பணக் கதை இன்னும் சுவாரசியமானது. மாணவர் சங்கத்தில் கட்டாயமாகச் சேரவோ சந்தா கட்டவோ வேண்டாம் என்று ஆஸ்திரேலியா 2005இல் சட்டம் போட்டது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நடந்தது என்னவென்றால், பல வளாகங்களில் சங்கங்களும் சேவைகளும் சுருங்கின. 2011இல் இன்னொரு சட்டம் போட்டு, சேவைக் கட்டணம் வசூலிக்கப் பல்கலைக்கழகங்களை மீண்டும் அனுமதித்தார்கள். சுவீடனும் 2010இல் கட்டாய உறுப்பினர் முறையைக் கைவிட்டது. ஆனால் அங்குள்ள பல்கலைக்கழக நகரமான உப்சாலாவில் 'நேஷன்' எனப்படும் 13 மாணவர் அமைப்புகள் ஆடிப்போகவில்லை. பதினேழாம் நூற்றாண்டிலிருந்து வருபவை அவை. சொந்தமாகக் கட்டடம் உண்டு, மாணவர்களே சமைத்துப் பரிமாறும் பப் உண்டு, பலவற்றில் வாடகை அறைகளும் உண்டு. கையில் இடம் இருந்தால் சந்தா குறைந்தாலும் சமாளிக்கலாம். புதிதாக வருபவர் சமையலறையில் ஒரு மாலை வேலை செய்தாலே நாலு பேரைத் தெரிந்துகொண்டுவிடுவார். சுவீடன்காரர்கள் பேசமாட்டார்கள் என்பவர்களை அந்தச் சமையலறைக்கு அனுப்ப வேண்டும்!

ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. 'சர்க்கிள்' எனப்படும் மாணவர் குழுக்கள் ஆள் சேர்க்கும் பரபரப்பெல்லாம் அப்போதுதான். பரிமாற்ற மாணவராக இலையுதிர்காலத்தில் போய் இறங்கினால் குழுக்கள் அமைந்து முடிந்திருக்கும். மூத்தவர், இளையவர் என்ற வரிசையும் அதற்குள் உறுதியாகியிருக்கும். இதைப் போய் மனம் திறக்காத சமூகம் என்று எழுதினால் எப்படி?

சரி, குணம் என்று ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. ஆனால் அதைக் கடைசியில் வைத்துப் பேசலாம் என்கிறேன்.

அப்புறம், பிரிட்டனில் ஓராண்டு முதுகலைக்குப் போகிறவர்களின் நிலைமை தனி. சங்கங்களின் அடுத்த ஆண்டு நிர்வாகிகளைப் பெரும்பாலும் வசந்தகாலத்தில் தேர்ந்தெடுப்பார்கள். நீங்கள் பழகி, பொறுப்பெடுக்கலாம் என்று நினைக்கும்போது தேர்தல் வரும். பதவி தொடங்கும் நேரத்தில் உங்கள் படிப்பே முடிந்திருக்கும். முழுக் கட்டணத்தையும் வாங்கிக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் இதைச் சேர்க்கைக் கையேட்டில் ஒரு வரியாவது எழுதலாம்.