போட்டி அறிவிப்புக்காகக் காத்திருக்காதீர்கள்

சிங்கப்பூரில் தமிழில் எழுதுகிறவர்களுக்கு வாய்ப்புக்குப் பஞ்சமில்லை. ஈராண்டுக்கு ஒருமுறை கதை, கவிதைக்கான தங்கமுனை விருதுப் போட்டி வருகிறது. நூல் போட்டவர்களுக்குச் சிங்கப்பூர் இலக்கியப் பரிசு இருக்கிறது. ஏப்ரல் முழுக்கத் தமிழ்மொழி விழா, ஆண்டின் கடைசியில் எழுத்தாளர் விழா. மாதந்தோறும் எழுத்தாளர் கழகத்தின் சிறுகதைக் கூட்டமான கதைக்களமும் கவிமாலை அமைப்பின் கவிதைச் சந்திப்பும் நடக்கின்றன. தமிழ் முரசின் ஞாயிறு பதிப்பான ஞாயிறு முரசில் கதைக்கும் கவிதைக்கும் இடம் உண்டு. நம்மைப் போன்ற சிறிய சமூகத்துக்கு இது பெரிய கொடுப்பினை.

ஆனாலும் போட்டிக் கதைகளைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு ஒன்று தெரியும். முதியோர் இல்லத்தில் தனித்திருக்கும் அம்மா, பணிப்பெண்ணின் கண்ணீர், தமிழ் பேச மறுக்கும் பேரன் என்று அதே மூன்று நான்கு கதைகள்தான் பெயர் மாறி வருகின்றன. இந்தக் கருக்களில் தப்பே இல்லை. கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது உட்கார்ந்து "எதைப் பற்றி எழுதலாம்" என்று யோசித்தால், எல்லார் மனசிலும் முதலில் வருவதுதான் நமக்கும் முதலில் வரும். அதனால்தான் சொல்கிறேன்: கதைப்பொருளைச் சேர்க்கும் வேலை ஆண்டு முழுக்க நடக்கட்டும். போட்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எங்கே போய்ச் சேர்ப்பது? தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி இணையத்தளத்தில் பழைய தமிழ் முரசு இதழ்கள் இருக்கின்றன. கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய நாளிதழ் அது. அங்கே போய்ச் சொல்லைப் போட்டுத் தேடாதீர்கள், ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். சில பக்கங்கள் நூலகக் கணினியில்தான் திறக்கும், அதற்காக ஒரு சனிக்கிழமையை ஒதுக்கிவிடுங்கள்.

ஓர் உதாரணம். 1986 மார்ச் 15, சனிக்கிழமை. சிராங்கூன் ரோடும் ஓவன் ரோடும் சந்திக்கும் முனையில் இருந்த ஆறு மாடி ஹோட்டல் நியூ வேர்ல்ட் ஒரு நிமிடத்துக்குள் இடிந்து விழுந்தது. 33 பேர் இறந்தார்கள், 17 பேர் மீட்கப்பட்டார்கள். வடிவமைத்தவர் கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்கவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. இவ்வளவும் செய்தி, இன்னும் கதையாகவில்லை. அந்த வார இதழ்களைத் திறந்து தலைப்புச் செய்தியைத் தாண்டிக் கீழே பாருங்கள். சேலைத் தள்ளுபடி விளம்பரம், எந்தப் படம் எந்தத் தியேட்டரில் என்ற கட்டம், நினைவஞ்சலி, ஊர்ப்பெயர்களோடு உறவினர் பட்டியல். ஒவ்வொரு இதழிலிருந்தும் ஒரு விலை, ஒரு தெருப்பெயர், ஒரு வரி என்று குறித்து வையுங்கள். இரண்டு தெரு தள்ளி மளிகைக்கடையில் அரிசி அளந்துகொண்டிருந்தவருக்கு அந்தச் சத்தம் எப்படிக் கேட்டிருக்கும், அவர் கடையைச் சாத்தினாரா, ஓடிப் பார்த்தாரா என்று கேட்கத் தொடங்கும் இடத்தில்தான் கதை பிறக்கிறது.

செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளமும் அப்படித்தான். சிங்கப்பூரிலிருந்து படைகளை முன்கூட்டியே மீட்டுக்கொள்வதாக 1968 ஜனவரியில் பிரிட்டன் அறிவித்தது, 1971 அக்டோபர் முடிவோடு பெரும்பகுதி கிளம்பிவிட்டது. அந்தத் தளத்தை நம்பி வாழ்ந்த தமிழ், மலையாளக் குடும்பங்களின் சமையலறையில் அந்த மூன்றே முக்கால் ஆண்டும் என்ன பேச்சு நடந்திருக்கும்? தங்குவதா, ஊருக்குத் திரும்புவதா? ஒரு நாவலுக்கே போதும்.

பேச்சுமொழிக்குத் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் இருக்கிறது. 1979 முதல் பதிவு செய்கிறார்கள், தமிழ்ப் பேட்டிகளும் உண்டு. ஒவ்வொரு பகுதியும் ஏறக்குறைய அரை மணி நேரம். முதலிலிருந்து கேட்க உட்கார்ந்தால் அலுத்துவிடும். சுருக்கக் குறிப்பை வாசித்து வேண்டிய பகுதியை மட்டும் எடுங்கள். பத்து நிமிடப் பேச்சை இழுவை, தயக்கம், கலந்து வரும் மலாய்ச் சொல் எதையும் திருத்தாமல் அப்படியே எழுதிப் பாருங்கள். நம் கதைகளில் தோ பாயோ அடுக்குமாடி புளோக் கீழே நிற்கும் அக்கா "நான் சந்தைக்குச் சென்று வருகிறேன்" என்கிறார். அவர் உண்மையில் "மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்திர்றேன்" என்றுதான் சொல்வார். சிங்கப்பூர்ப் பேச்சில் வாக்கியக் கடைசியில் ஒட்டும் 'லா'வை வரிக்கு வரி போட்டு எழுதுவதும் அதே அளவு பொய்.

எழுதி முடித்ததும் மூன்று நான்கு வாரம் கதையைத் தொடாதீர்கள். பிறகு வாய்விட்டு வாசியுங்கள். முதல் பத்தியில் விடியலும் மழையும் இருந்தால் அதை எடுத்துவிட்டு இரண்டாம் பத்தியில் தொடங்கிப் பாருங்கள், பெரும்பாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது. 1,500 சொல்லில் இரண்டு பேர், ஓர் இடம், ஒரு மாற்றம், அவ்வளவுதான் கொள்ளும். குழந்தைப் பருவம், கல்யாணம், மரணம் மூன்றையும் திணித்தால் சுருக்கம் எழுதியதாகத்தான் ஆகும்.

நமக்கு உண்மையிலேயே குறைவாக இருப்பது விமர்சனம். கூட்டத்தில் வாசித்துவிட்டு "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்றுதான் பதில் வரும். "எந்த இடத்தில் கவனம் விலகியது?" என்று கேளுங்கள், கேட்டவர்கள் இடத்தைக் காட்டுவார்கள். மூன்று பேர் ஒரே இடத்தைக் காட்டினால் வாதாடாமல் திருத்துங்கள். 1950களின் தொடக்கத்தில் தமிழ் முரசு ரசனை வகுப்பு நடத்தி, வெளியான கதைகளை வாசகர்களே மதிப்பிட வைத்தது. எழுதுகிறவர்களை வளர்த்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம். இன்று பரிசுத் தொகையைக் கூட்டுவதைவிட அதைத் திரும்பத் தொடங்குவது முக்கியம்.

அனுப்பும்போது கவனிக்க வேண்டியவை சில. முகநூலில் போட்ட கதையைப் பல போட்டிகள் 'ஏற்கெனவே வெளியானது' என்று தள்ளிவிடும். பெயர் இருக்கக்கூடாது என்றால் கோப்பின் பெயரிலும் இருக்கக்கூடாது. யூனிகோடு எழுத்துருவில் அனுப்புங்கள், பழைய எழுத்துரு நடுவர் கணினியில் வெறும் கட்டமாகத் தெரியலாம். சொல் எண்ணிக்கையைக் குறைக்கச் சொற்களை ஒட்டி எழுதும் பழக்கம் வேண்டாம், நடுவர்களுக்கு முதல் பக்கத்திலேயே புரிந்துவிடும். தனி நூல் வந்துவிட்டால் புதியவர்களுக்கான போட்டியில் தகுதி போகக்கூடும், அவசரப்பட்டுப் புத்தகம் போடுமுன் விதியை வாசித்துவிடுங்கள். போட்டால், வெளியான நான்கு வாரத்துக்குள் இரண்டு பிரதிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைப்பது சட்டம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேசிய அளவிலான விருதுகள் பெரும்பாலும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை பார்க்கும் தம்பிகள் தங்குவிடுதியில் கைப்பேசியில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 2014இல் தொடங்கிய வெளிநாட்டு ஊழியர் கவிதைப் போட்டி அவர்களுக்கு ஒரு மேடை தந்தது. நம் மாதக் கூட்டங்களுக்கும் அவர்களை அழைப்போம். ஏற்பாட்டாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: பெரும்பாலோருக்கு ஞாயிறுதான் ஓய்வு, அன்று எப்படியும் தேக்காவுக்கு, அதாவது லிட்டில் இந்தியா பக்கம், வருகிறார்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று கூட்டங்களையாவது ஞாயிறு மாலையில் அந்தப் பக்கமே வையுங்கள்.