அனுமதி இலவசம்

எங்கள் மாத இலக்கியக் கூட்டத்தின் அழைப்பிதழில் கடைசி வரியாக ‘அனுமதி இலவசம், அனைவரும் வருக’ என்று ஒன்பது வருடம் போட்டோம். போன வருடம் முதல் பாதியை எடுத்துவிட்டோம். இப்போது ‘அனைவரும் வருக’ மட்டும். அதற்கே இரண்டு பழைய நண்பர்கள் வாட்ஸப் குழுவை விட்டு வெளியேறினார்கள். ஒருவர் போகிற போக்கில் “இலக்கியத்தையும் வியாபாரமாக்கிவிட்டீர்களா?” என்று எழுதிவிட்டுப் போனார். அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். நீண்டுவிட்டது. இங்கேயே போடுகிறேன்.

எங்கள் இடத்தைப் பார்க்காதவர்களுக்கு: மேற்கு மாம்பலத்தில் ஒரு அச்சகத்தின் மாடி. கீழே கல்யாணப் பத்திரிகை ஓடிக்கொண்டிருக்கும், மேலே நாங்கள். தகரக் கூரை. மழை வலுத்தால் பேசுகிறவர் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, முதலில் பாட்டோ வாத்தியமோ ஒரு மணி நேரம், அப்புறம் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேச்சு, கடைசியில் யாராவது ஒருவர் கதை சொல்வார். வாசித்துக் காட்டக் கூடாது, சொல்ல வேண்டும். கையில் தாள் இருக்கக் கூடாது என்பது ஒன்றுதான் விதி. நாற்காலி நாற்பது. அதற்கு மேல் வந்தால் பாய்.

அச்சக உரிமையாளர் வாடகை கேட்பதில்லை, கரண்டுக்கு 500 ரூபாய் மட்டும். மைக் செட் 1,200. டீ, பிஸ்கட் 900. வெளியூரிலிருந்து யாராவது வந்தால் வண்டிச் செலவு தனி. இதை நாங்கள் மூன்று பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தோம். எங்களுக்கு அது பெரிய கஷ்டமில்லை. கஷ்டப்பட்டது வேறு ஆள்.

2019 ஐப்பசி. செய்யாறு பக்கத்திலிருந்து ஒரு முகவீணைக் கலைஞரை அழைத்திருந்தோம். முகவீணை தெரியாதவர்கள் நாகஸ்வரத்தின் கடைக்குட்டித் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழத்துக்கும் குறைவான குழல். தொண்டை மண்டலத்துத் தெருக்கூத்தில் ஹார்மோனியம், மிருதங்கம், தாளத்தோடு இதுவும் கூவினால்தான் திரைக்குப் பின்னால் நிற்கிற ராஜா வெளியே வருவார்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு விபூதி டப்பாவை எடுத்தார். உள்ளே நான்கு சீவாளிகள், அதாவது குழலின் வாயில் செருகி ஊதுகிற நாக்குகள், நூல் கட்டியவை. ஒவ்வொன்றாக வாயில் போட்டு ஊறவைத்துக்கொண்டே, வாயின் இன்னொரு ஓரத்தால் எங்களிடம் பேசிக்கொண்டிருந்தார். ஊறியதை எடுத்து ஊதிப் பார்ப்பார், கோழிக்குஞ்சு கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வரும், தலையை ஆட்டிவிட்டு டப்பாவில் போட்டுவிடுவார். மூன்றாவது சீவாளிதான் அவருக்குப் பிடித்தது. முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண் கேட்டதும், கழித்துப் போட்டதில் ஒன்றைத் துடைத்துக் கொடுத்தார். அவள் கன்னம் வீங்க ஊதியும் காற்றுதான் வந்தது. “அதுக்கு உன் எச்சில் பழகணும் பாப்பா” என்றார்.

எங்கள் மின்விசிறி டக் டக் என்று அடித்துக்கொள்ளும். அதை நிறுத்தினேன். அவர் பாஞ்சாலியின் துகிலை உரிகிற இடத்துப் பாட்டை, பாட ஆள் இல்லாமல், வெறும் முகவீணையில் வாசித்தார். கீழே அச்சு இயந்திரம் நின்றதை முதலில் யாரும் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் மாடிப்படியில் இரண்டு பேர் கையில் மையோடு நிற்கிறார்கள்.

முடிந்ததும் பொன்னாடை போர்த்தினோம். இரண்டு புத்தகம் கொடுத்தோம். எல்லோரும் அவரோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். படி இறங்கும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “தம்பி, செய்யாறு வண்டிக்கு ஒரு இருநூறு ரூவா இருக்குமா? வர்றப்போ மவன்கிட்ட வாங்கினு வந்தேன்” என்றார்.

நானும் இன்னொரு நண்பரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் கொடுத்திருப்பார் என்று நானும், நான் கொடுத்திருப்பேன் என்று அவரும் இருந்திருக்கிறோம். அதுவும் ஐப்பசி, மழை மாதம், கூத்து கிடையாது, கையில் காசு புரளாத நேரம். பொன்னாடையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஏதோ அசட்டுத்தனமாகச் சொன்னேன். “வீட்ல பதினேழு கிடக்குது தம்பி. ஜன்னலுக்கு நல்லா இருக்கும்” என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே நல்லா இருக்கும் என்றுதான் சொன்னார்.

குழுவை விட்டுப் போன நண்பர் சொல்கிற மாதிரி கலைக்குக் காசு வாங்குவது புதுசாக வந்த வியாபாரப் புத்தியா? கூத்தே என்றைக்கும் இலவசமாக நடந்ததில்லை. ஊர் கூடித் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, வெற்றிலை பாக்கோடு முன்பணம் வைத்துத்தான் ஜமாவை, அதாவது கூத்துக் குழுவை, கூப்பிடுவார்கள். நடு ராத்திரியில் கதை சூடு பிடிக்கிற நேரத்தில் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, இன்னார் மகன் இன்னார் ஐம்பது ரூபாய் அன்பளிப்பு என்று பேர் சொல்லி வாழ்த்துவான். முதன்முதலில் பார்த்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. துரியோதனன் கோபத்தில் குதித்துக்கொண்டிருக்கும்போது இது என்ன அன்பளிப்பு அறிவிப்பு என்று. படித்த பையனின் எரிச்சல். அந்த ஐம்பது ரூபாய் எல்லோர் முன்னாலும் கை மாறுகிறது, ஆடுகிறவனுக்கும் கொடுக்கிறவனுக்கும் அதில் கூச்சமில்லை என்பது புரிய எனக்கு ஒரு படிக்கட்டுப் பேச்சு தேவைப்பட்டது.

கலை இலக்கிய இரவுகளுக்குப் போனவர்களுக்கு உண்டியல் ஞாபகம் இருக்கும். 1975இல் தொடங்கிய முற்போக்கு எழுத்தாளர் சங்கம், இன்றைய தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் (தமுஎகச), ஊர் ஊராக நடத்தியவை அவை. நடுத்தெருவில் மேடை, விடிய விடியப் பாட்டு, நாடகம், கவிதை, பேச்சு. ஜமுக்காளம் கூடக் கிடையாது, தினத்தந்தியை விரித்து ரோட்டிலேயே உட்கார்ந்துகொள்வோம். பால் பவுடர் டின்னில் சிவப்புத்தாள் சுற்றி, மூடியில் ஒரு கீறல் போட்டிருப்பார்கள். கரிசல்குயில் கிருஷ்ணசாமி ஒரு பாட்டு பாடி முடிப்பார், தொண்டையில் எதுவோ அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம், சரியாக அந்த நேரம் பார்த்து டின் காதுக்குப் பக்கத்தில் குலுங்கும். திருவுடையான் தபேலாவை வாசித்துக்கொண்டே பாடுவார், 2016இல் சாலை விபத்தில் போய்விட்டார். அவர் பாடி முடித்த பிறகு டின் சத்தமே மாறியிருக்கும், சில்லறை விழாது, நோட்டு விழும். கல்லூரி நாளில் டீக்கு வைத்திருந்த காசைப் போட்டிருக்கிறேன். கொள்கைக்காகவெல்லாம் இல்லை. போடாமல் இருக்க முடியவில்லை.

சரி, இலவசமாகவே நன்றாக நடந்த கூட்டங்கள் இல்லையா? இருக்கின்றன. பத்திரிகையாளர் ஞாநி சென்னை கே.கே.நகரில் தன் வீட்டுக் கிணற்றடியில் 2009இல் ‘கேணி’ கூட்டங்களைத் தொடங்கினார். எழுத்தாளர் ஒருவர் நடுவில், வாசகர்கள் சுற்றி. கிணற்றடிக்கு வாடகை இல்லை, ஆனால் அதற்குப் பின்னால் வீட்டையே திறந்துவிட்ட ஒரு மனிதர் இருந்தார். 2018 ஜனவரியில் அவர் போய்ச் சேர்ந்தார். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் ‘பொன்மாலைப் பொழுது’ கூட்டத்துக்கு நுழைவுச்சீட்டு இல்லை, அது நம் வரிப்பணம். அந்த இடமும் சாசுவதம் என்று நினைத்துவிட வேண்டாம். 2010இல் திறந்த நூலகத்தை 2011லேயே குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப்போவதாக அரசு அறிவித்தது, உயர் நீதிமன்றம் தடுத்ததால் பிழைத்தது. சென்னையின் மீனவர் குடியிருப்பான ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015இல் தொடங்கிய விழாவில் கர்நாடக சங்கீதமும் பறையும் கூத்தும் ஒரே மேடையில் வந்தன, மீன்வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அதற்குப் பின்னால் நன்கொடை கொடுத்தவர்களும், நாற்காலி தூக்கிய தன்னார்வலர்களும் இருந்தார்கள். டிக்கெட் இல்லை என்பதும் செலவு இல்லை என்பதும் ஒன்றல்ல. இவ்வளவுதான் நான் சொல்ல வருவது.

புத்தக வெளியீட்டு விழா இதைவிடச் சோகம். அரங்க வாடகை பெரும்பாலும் எழுத்தாளர் பையிலிருந்து. பேனர், டீ, பேச வந்தவர்களுக்குப் பொன்னாடை, எல்லாம் அவர்தான். நூறு பேர் வந்து வாழ்த்திவிட்டுப் போவார்கள், வாசல் மேஜையில் பதினைந்து பிரதி போயிருக்கும். அதில் மூன்று பேர் “அப்புறம் ஜிபே பண்றேன்” கணக்கு.

“ஏழைகள் வர மாட்டார்களே” என்று குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, அதனால்தான் டிக்கெட் போடவில்லை. செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டப்பா வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். யார் போட்டார், யார் போடவில்லை என்று பார்க்க அங்கே ஆள் நிற்பதில்லை. “கலைக்கு விலை வைப்பதா” என்று கேட்ட இன்னொருவரை மார்கழியில் சபா கேன்டீன் வரிசையில் பலமுறை பார்த்திருக்கிறேன். மதியக் கச்சேரி இலவசம், கீரை வடைக்கும் காபிக்கும் மட்டும் மனம் கோணாமல் எடுத்து நீட்டுவார். மேடையில் இருக்கிற பிள்ளைக்கு அன்றைக்கு என்ன கிடைத்தது என்று அவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

ஸ்பான்சர் பிடிக்கலாமே என்றார்கள். ஒரு மனை விற்பனைக்காரர் வந்தார், மொத்தச் செலவும் என்னுடையது என்றார். கதைக்கு நடுவில் பத்து நிமிடம் மனைப்பிரிவு பற்றிப் பேச வேண்டும் என்றார். கும்பிடு போட்டு அனுப்பிவிட்டோம்.

அந்தப் படிக்கட்டுப் பேச்சுக்குப் பிறகு அழைப்பிதழில் இரண்டு வார்த்தையை எடுக்க எங்களுக்கு இத்தனை வருடம் ஆனது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நடுவில் கொரோனா வந்தது, ஜூமில் நடத்தினோம், அது வேறு கதை. பழக்கம் விடவில்லை, அதுதான் காரணம். டப்பா வைத்த முதல் மாதம் 340 ரூபாய் சேர்ந்தது. கூடவே ஒரு ஜவுளிக்கடை டோக்கன். மூன்றாவது மாதம், காசு கையில் வைத்துக்கொள்வதே இல்லை என்று இளவட்டங்கள் சொன்னதால், கீழே அச்சகத்தில் இருந்த க்யூஆர் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தோம். சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டோம். அன்றைக்குக் கதை சொன்னவர் ஒரு கிழவி செத்துக்கொண்டிருக்கிற இடத்துக்கு வந்திருந்தார். அறையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. யாரோ தாமதமாக வந்தவர் வாசலில் ஸ்கேன் செய்ய, பெட்டி கணீரென்று “நூறு ரூபாய் பெறப்பட்டது” என்றது.

நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். கதை சொன்னவர் அசரவில்லை. அவரும் கூத்துப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர். வாசலைப் பார்த்துக் கை நீட்டி, “நூறு ரூபாய் அன்பளிப்புச் செய்த புண்ணியவான் குடும்பம் நல்லா இருக்கணும்” என்று கட்டியக்காரன் குரலில் இழுத்துச் சொல்லிவிட்டு, சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, மறுபடியும் கிழவியிடம் போனார். அடுத்த கால் மணி நேரத்தில் பெட்டி ஏழு முறை கத்தியது. வேண்டுமென்றேதான் போட்டார்கள். கிழவி சாக ரொம்ப நேரமாயிற்று.

போன ஐப்பசியில் முகவீணைக்காரரை மறுபடி அழைத்தோம். அதே விபூதி டப்பா. வாசித்து முடித்ததும் மேடையிலேயே கவரைக் கொடுத்தோம், பொன்னாடை இல்லை. அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பையில் வைப்பார் என்று எதிர்பார்த்தேன். அங்கேயே பிரித்தார். எச்சில் தொட்டு, வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தார். 3,000 ரூபாய், பாதி டப்பாவில் விழுந்த கசங்கல் நோட்டுகள். ஒன்றை மட்டும் தனியாக உருவி டியூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

“இது கிழிஞ்சிருக்குது தம்பி. வேற குடுங்க, கண்டக்டர் வாங்க மாட்டான்.”