மூச்சை அடக்கிக்கொண்டு மேலுமலை ஏற முடியாது

“மூச்சைக் கொஞ்சம் மெதுவா விடுங்க சார், மூடாது.”

இன்று மதியம் கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு ஹெல்மெட் கடையில் எனக்குக் கிடைத்த பதில் இது. பத்து நாளைக்கு முன்னால் அதே கடையில், அதே ஆளிடம் 2,300 ரூபாய் எண்ணிக் கொடுத்து வாங்கிய ஹெல்மெட். அதை மேஜை மேல் வைத்து, முகத்துக்கு முன்னால் மூடுகிற கண்ணாடியைக் காட்டி, “அண்ணா, வைசர் முழுக்க ஆவி படியுது, ரோடே தெரியல” என்று சொன்னேன். அந்த ஆள் ஹெல்மெட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. என் மூக்கைப் பார்த்துச் சொன்னார், மூச்சை மெதுவாக விடச் சொல்லி.

இருபத்தைந்து கிலோமீட்டர் ஓட்டுகிறவன் மூச்சை எப்படி அண்ணா மெதுவாக விடுவான்? மார்கழிக் குளிரில், பக்கத்தில் பதினான்கு சக்கர லாரி உறுமிக்கொண்டு போகும்போது மூச்சு தானாக வேகமாகத்தான் வரும். வயிறு எரிகிறது. சாயந்திரம் ஆகியும் அடங்கவில்லை.

கிருஷ்ணகிரி-ஓசூர் ரோட்டில் விடியற்காலையில் பைக் ஓட்டுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தொப்பூர் கணவாயில் பனியில் இறங்குகிறவர்களுக்கும் வேண்டியதில்லை. ஆனாலும் புதன்கிழமை நடந்ததைச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

5:10-க்கு வீட்டிலிருந்து கிளம்பினேன். சூளகிரிப் பக்கம் கம்பெனி, 6 மணி ஷிஃப்ட். டோல்கேட் தாண்டும்வரை ஒன்றும் இல்லை, வானத்தில் நட்சத்திரம்கூடத் தெரிந்தது. குருபரப்பள்ளி தாண்டியதும் ஏரிப் பக்கத்திலிருந்து பனி எழுந்து ரோட்டுக்குக் குறுக்கே வந்தது. அப்போதுதான் வைசரில், சரியாக மூக்குக்கு நேராக, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்தது. மூச்சை இழுத்தால் வட்டம் சுருங்கியது. விட்டால் விரிந்தது. சுருங்குவது கொஞ்சம், விரிவது அதிகம். காசு அளவு ஊத்தப்பம் அளவாயிற்று. மேலுமலை ஏற்றத்துக்கு வருவதற்குள் கண்ணுக்கு நேராகச் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டது.

இடது கையை எடுத்து வைசரைத் தூக்கினேன். பனி ஊசி ஊசியாக முகத்தில் குத்தியது, கண்ணில் தண்ணீர். நான் மூக்குக்கண்ணாடி போடுகிறவன். அதன் மேல் துளித்துளியாக ஈரம் ஒட்டியது. வைசரை இறக்கினேன். அடுத்த மூச்சிலேயே மூக்குக்கண்ணாடியும் உள்பக்கம் மூடிக்கொண்டது. இப்போது இரண்டு திரை. மறுபடி தூக்கினேன். மறுபடி இறக்கினேன். கையுறை போட்ட விரலை உள்ளே விட்டுத் துடைத்தேன், ஈரம் போகாமல் கோடு கோடாக இழுத்துக்கொண்டது. எதிர்ப்பக்கம் வருகிற ஹெட்லைட் ஒவ்வொன்றும் அந்தக் கோடுகளில் பட்டு நூறு விளக்காகச் சிதறியது. பாதி தூக்கி வைத்தால் நிற்கும் என்று பார்த்தேன். காற்று அடித்து டக்கென்று மூடியது. அந்த டக் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. ஏற்றத்தில் மட்டும் பத்துப் பன்னிரண்டு தடவை இதையே செய்திருப்பேன்.

அப்போது முன்னால் சிவப்பாக ஏதோ தெரிந்தது. போகிறதா, நிற்கிறதா, எவ்வளவு தூரம், ஒன்றும் பிடிபடவில்லை. ஈரத்தில் கரைந்த குங்குமம் மாதிரி ஒரு சிவப்பு, அவ்வளவுதான். சந்தேகத்தில் பிரேக்கை அழுத்தி வைசரைத் தூக்கினால், இடது ஓரத்தில் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு லாரி நிற்கிறது. பின்விளக்கு எரியவில்லை. நான் பார்த்தது என் வண்டி வெளிச்சம் பட்டு மின்னிய ஒட்டுத்தாள். ஒரு ஆள் படுக்கிற தூரத்தில் என் வண்டி நின்றது. லாரி ஓரமாக ஒருவர் பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றி முகம் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, “ஏம்ப்பா, கண்ணு தெரியல?” என்று கேட்டார்.

தெரியவில்லைதான். அதைத்தான் நான் கடைக்காரரிடமும் சொன்னேன்.

வாங்கின அன்று நான் கேட்காமல் வாங்கவில்லை. “விடியக்காலம் போறவன் நான், ஆவி படியக் கூடாது” என்று இரண்டு தடவை சொன்னேன். “இது ஆன்டி ஃபாக் சார், போட்டு ஊதிப் பாருங்க” என்றார். ஊதினேன், ஒன்றும் படியவில்லை. மதியம் பன்னிரண்டு மணி, தகர ஷீட் போட்ட கடை, உள்ளே அனல். அந்தச் சூட்டில் எந்த ஹெல்மெட்டில் ஆவி படியும்? நம் மூச்சு உடம்புச் சூட்டோடும் ஈரத்தோடும் வருகிறது. வைசர் குளிர்ந்திருந்தால்தான் அந்த ஈரம் துளியாக மாறி ஒட்டும், சோற்றுப் பானை மூடியில் படிகிற மாதிரி. குளிரில் காட்ட வேண்டிய சோதனையை வெயிலில் காட்டி விற்றுவிட்டார். பெட்டியில் பெரிய எழுத்தில் ஆன்டி ஃபாக் என்று இருக்கிறது. வைசரின் உள்பக்கம் விரலால் தடவினால் சாதாரண பிளாஸ்டிக்தான். பூச்சு இருந்திருந்தாலும் நாலு தடவை துணியால் துடைத்ததில் போயிருக்கும்.

ஷிஃப்டில் சொன்னால் ஆளுக்கு ஒரு வைத்தியம். ஒருத்தன் உருளைக்கிழங்கை வெட்டித் தேய்க்கச் சொன்னான். ஒருத்தன் பற்பசை. தயவுசெய்து பற்பசை தேய்க்காதீர்கள், வைசர் பாலிகார்பனேட், பொடிப்பொடிக் கீறல் விழும், ராத்திரியில் அந்தக் கீறல் ஒவ்வொன்றும் வெளிச்சத்தை வாரி இறைக்கும். ஜன்னல் கண்ணாடி துடைக்கிற மருந்தும் வேண்டாம், அது வைசரையே மங்கடிக்கும். ஷாம்பு ஒரு சொட்டு தடவி மெல்லிய துணியால் மெழுகிவிட்டால் துளி சேராமல் ஈரம் சமமாகப் பரவும், தெளிவாகத் தெரியும். அது உண்மைதான், நானே செய்தேன். ஒரு நாள் தாங்கியது. பனி கடுமையான மூன்றாம் நாள் கண் எரிந்ததுதான் மிச்சம்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை, அதுதான் என் ஆத்திரம். கூட வேலை செய்கிற தம்பி ஒருவன் ஹெல்மெட்டில் வைசரின் இரண்டு ஓரத்திலும் சின்னதாகக் குமிழ் இருக்கிறது. அதில் உள்பக்கமாக இன்னொரு தகடு மாட்டியிருக்கிறான். பின்லாக் என்கிறார்கள். தகட்டைச் சுற்றி சிலிக்கோன் விளிம்பு, இரண்டுக்கும் நடுவில் காற்று அடைபட்டு நிற்கும். வெளிக்குளிர் உள்தகட்டுக்கு ஏறாது, தகடும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமை அவன் ஹெல்மெட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு அதே நேரத்துக்கு அதே மேலுமலை ஏறினேன். தகடு இல்லாத ஓரங்கள் வெள்ளையாகின. நடுவில் ரோடு தெரிந்தது. வெள்ளைக் கோடு தெரிந்தது. ஓரத்தில் நடந்து போன ஒரு பெரியவரின் போர்வை தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மெய்யாகவே சொல்கிறேன். இந்தக் குமிழ் வைத்த வைசர் என் ஹெல்மெட்டுக்குக் கிடைக்குமா என்று கேட்கத்தான் இன்று கடைக்குப் போனேன். கேட்டு முடிப்பதற்குள் மூச்சைப் பற்றி உபதேசம்.

என் சித்தி பையன் கனடாவில் இருக்கிறான். அவன் ஊரில் குளிர்காலத்தில் பனிமேல் ஓடுகிற வண்டி, ஸ்னோமொபைல் ஓட்டுவார்கள். 1959-இல் கியூபெக்கில் பம்பார்டியர் கம்பெனி ஸ்கி-டூ என்ற வண்டியை விட்ட காலத்திலிருந்து அங்கே அது வீட்டுக்கு வீடு பழகிய சமாசாரம். நம் நாட்டிலும் காஷ்மீர் குல்மார்கில் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். புதன்கிழமை ராத்திரி வீடியோ காலில் அவனிடம் புலம்பினேன். அவன் தன் ஹெல்மெட்டைக் கொண்டுவந்து கேமரா முன் திருப்பித் திருப்பிக் காட்டினான். வைசரே இரண்டு அடுக்கு, நடுவில் காற்று இடைவெளி. உள்ளே மூக்கையும் வாயையும் கவ்வுகிற மாதிரி ரப்பர் முகமூடி. மூச்சு கண் பக்கம் ஏறவே ஏறாது, பக்கவாட்டில் குழாய் வழியாக வெளியே போய்விடும். மைனஸ் 20-இல் சாதாரண பைக் ஹெல்மெட் போட்டால் ஆவி படிந்து ஐஸாகவே உறைந்துவிடுமாம். அதனால் வைசருக்குள் மெல்லிய கம்பி ஓட்டி, வண்டி மின்சாரத்தில் சூடாக்குகிற வகையும் இருக்கிறது, கார் பின்கண்ணாடியில் கோடு கோடாக இருக்குமே, அது மாதிரி. மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் தாடைப் பகுதியை மேலே தூக்கித் திறக்கிற மாதிரி ஹெல்மெட்டாக எடுத்தால் சௌகரியம் என்றான்.

எனக்கு மின்சாரம் வைத்த வைசர் வேண்டாம். நான் மைனஸ் 20-இல் ஓட்டவில்லை. என் போனில் காட்டியது 16 டிகிரி. மூக்குக்கு மேல் ஒரு ரப்பர் தடுப்பு, தாடையில் உண்மையாகவே திறக்கிற ஒரு காற்று ஓட்டை, மாட்டுவதற்கு இரண்டு குமிழ். இவ்வளவுதான் கேட்கிறேன். என் ஹெல்மெட்டிலும் தாடையில் ஓட்டை இருக்கிறது. பட்டனைத் தள்ளினால் க்ளிக் என்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன், பின்னால் தெர்மோகோல் அடைத்திருக்கிறது. காற்று எந்த வழியாக வரும்?

அளவிலும் ஏமாந்துவிட்டேன். “எல் சைஸ் எடுங்க சார், லூசா இருந்தாத்தான் காத்தோட்டம்” என்று கடைக்காரர் தலையில் கவிழ்த்துக் காட்டினார். வீட்டுக்காரி நேற்று தையல் டேப் எடுத்து, புருவத்துக்கு மேலே ஒரு விரல் விட்டு, பின்மண்டை மேட்டைச் சுற்றி அளந்தாள். 57 சென்டிமீட்டர். பெட்டியில் எல் சைஸுக்கு 60 என்று போட்டிருக்கிறது. அதனால்தான் அறுபது வேகத்தில் காற்று ஹெல்மெட்டைத் தூக்குகிறது, தலையைத் திருப்பினால் ஹெல்மெட் ஒரு நொடி கழித்துத் திரும்புகிறது. கன்னத்தை மெத்தை அழுத்த வேண்டும், ஹெல்மெட்டை ஆட்டினால் நெற்றித் தோலும் சேர்ந்து ஆட வேண்டும், பதினைந்து நிமிடம் போட்டிருந்தும் நெற்றியில் ஒரே இடத்தில் வலி எடுக்கக் கூடாது. அதுதான் சரியான அளவு. எந்தக் கடையில் பதினைந்து நிமிடம் போட்டுப் பார்க்க விடுகிறார்கள்? இரண்டாவது நிமிடமே “வேர்வை பட்டுடும் சார்” என்று கழற்றி வாங்கிக்கொள்கிறார்கள்.

காரணம் எனக்குத் தெரியும். இங்கே ஹெல்மெட் அபராதத்துக்காக விற்கிறது. 1,000 ரூபாய்க்குப் பயந்து வருகிறவனுக்கு ஏதோ ஒன்றைக் கவிழ்த்தால் போதும் என்று நினைக்கிறார்கள். 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது என்று சட்டம் வந்தது, நல்லது, மண்டை பிழைக்கும். ஆனால் முன்னால் நிற்கிற லாரி தெரிந்தால் மண்டை அடிபடவே வேண்டாமே. நம் ரோட்டில் எத்தனை பேர் ஹெல்மெட்டை பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள், திமிர் என்று திட்டுகிறோம். பாதிப் பேர் என்னைப் போலக் கண் தெரியாமல் கழற்றியவர்களாக இருக்கும். அந்தக் கடையில் கல்லூரிப் பையன் ஒருவனுக்கு இன்று கறுப்பு வைசர் மாட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ராத்திரியில் அதைப் போட்டு என்னத்தைப் பார்ப்பான்? “தம்பி, வெள்ளையும் ஒண்ணு வாங்கி வெச்சுக்கோ” என்றேன். கடைக்காரர் என்னை முறைத்தார். முறைக்கட்டும்.

பில்லைக் காட்டி மாற்றிக் கேட்டதற்கு, “யூஸ் பண்ணிட்டீங்களே சார்” என்றார். யூஸ் பண்ணாமல் எனக்கு எப்படித் தெரியும், மூடுகிறது என்று?

நாளைக்கும் காலை ஷிஃப்ட். மூக்குக்குக் குறுக்கே துண்டைக் கட்டி, மூச்சு கீழே போகிற மாதிரி செய்துகொண்டு போகப் போகிறேன். சூளகிரி வரும்வரை முப்பதைத் தாண்ட மாட்டேன், லேட்டானால் ஆகட்டும், சூப்பர்வைசரிடம் பேசிக்கொள்கிறேன்.

வழியில் டீ குடிக்கக்கூட நிற்கப் போவதில்லை. 15 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். சரி, பால் விலை ஏறிவிட்டது, கொடுக்கிறோம். ஆனால் அந்த டம்ளரைப் பார்த்தீர்களா? முன்பெல்லாம் விரல் சுடச்சுட முழு கிளாஸ் வரும். இப்போது கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு பேப்பர் கப், அதிலும் பாதி நுரை. நுரையை ஊதி ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இரண்டு மடக்கு. குளிரில் இருபத்தைந்து கிலோமீட்டர் வருகிறவனுக்கு இரண்டு மடக்கு டீ.