விடியற்காலைக் குயிலும் அம்மாவின் காக்கைச் சோறும்

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் இந்த வாரமும் குயில்தான் பேச்சு. விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே கத்தத் தொடங்கிவிடுகிறது. ஒன்பதாவது மாடியில் கைக்குழந்தை விழித்துக்கொள்கிறது, இரவு வேலை முடித்து வந்தவருக்குத் தூக்கம் கெடுகிறது. கவிஞர்கள் கொண்டாடிய குரல்தான். ஆனால் ஜன்னலுக்கு இருபதடி தள்ளி அது சுதி ஏற்றிக்கொண்டே போகும்போது கவிதை எதுவும் வருவதில்லை. நகர மன்றத்துக்கு எழுதி அது உட்காரும் அங்சானா என்ற நிழல் மரத்தை வெட்டச் சொல்லலாம் என்றார் ஒருவர். கட்டைவிரல்கள் வரிசையாக விழுந்தன.

நான் போடவில்லை. அங்கே விளக்கினால் சண்டையாகிவிடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

குயில் கூடு கட்டாது, காக்கைக் கூட்டில் முட்டையிடும் என்பது நமக்குச் சின்ன வயதிலேயே தெரியும். காக்கை ஏமாளி, குயில் தந்திரக்காரி என்று கதையாகக் கேட்டோமே தவிர, அதில் ஒரு கணக்கு இருப்பதை யாரும் சொல்லவில்லை. காக்கைக் கூடு எத்தனையோ அத்தனைதான் குயிலுக்குத் தொட்டில். சிங்கப்பூரில் குயில் முன்பெல்லாம் வலசை வந்து போகும் பறவை. காக்கை பெருகிய பிறகுதான் இங்கேயே தங்கிக் குஞ்சு பொரிக்கத் தொடங்கியது. ஆக, நம் தூக்கத்தைக் கெடுக்கும் குயிலை வளர்த்துவிட்டது காக்கை. சரி, காக்கையை வளர்த்தது யார்?

அந்தக் காக்கையும் இந்த மண்ணுடையது இல்லை. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில், காப்பித் தோட்டங்களில் கம்பளிப்புழு தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்ட பறவை. புழு தின்றதோ இல்லையோ, மனிதர் கொட்டும் எச்சில் அதைவிடச் சுலபம் என்று சீக்கிரமே கண்டுகொண்டது. அப்படியே துறைமுகம் துறைமுகமாகப் பரவியது. பிற்பாடு சிங்கப்பூரில் துப்பாக்கி வைத்துச் சுட்டுக் குறைக்கும் அளவுக்குப் பெருகியது.

என் மகள் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இக்குப் படிக்கிறாள். புத்தகத்தில் உணவுச் சங்கிலி அழகாக வரைந்திருக்கிறது: புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு. அம்புக்குறிகளை மனப்பாடம் செய்கிறாள். ஒவ்வொரு அம்பிலும் எவ்வளவு நஷ்டம் ஆகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஓரிடத்து உயிர்களையும் மண், நீர், வெயிலையும் சேர்த்து ஒரே அமைப்பாகப் பார்க்கும் 'எக்கோசிஸ்டம்' என்ற சொல்லை டான்ஸ்லி என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1935இல் அறிமுகப்படுத்தினார். அதற்குள் ஓடும் ஆற்றலைக் கணக்குப்போட வழிகாட்டியவர் ரேமண்ட் லிண்டமன் என்ற அமெரிக்க இளைஞர். மினசோட்டாவில் ஒரு சின்ன ஏரியை வருடக்கணக்காக அளந்தார். அதை வைத்து எழுதிய கட்டுரை 1942இல் அச்சானபோது அவர் உயிரோடு இல்லை. இறந்தபோது வயது 26தான். (முதலில் அதை நிராகரித்துமிருக்கிறார்கள். இதை மகளிடம் சொன்னபோது மட்டும் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.)

இன்று பாடப்புத்தகங்கள் தோராயமாகச் சொல்வது இது: ஒரு படியில் இருக்கும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குதான் அடுத்த படிக்குப் போகும். மிச்சம் மூச்சாகவும் சூடாகவும் கழிவாகவும் போய்விடுகிறது. புல் ஆயிரம் என்றால் வெட்டுக்கிளி நூறு, தவளை பத்து. காட்டில் கழுகு எப்போதும் சிலதாகவே இருப்பதற்கு முக்கியமான காரணம் இதுதான். கீழே விழும் வெயில்தான் மேலே எத்தனை வாய் என்று முடிவு செய்கிறது.

இப்போது நம் காப்பிக்கடையைப் பாருங்கள். சிங்கப்பூர் தன் உணவில் 90 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. தாய்லாந்து வயலில் விழுந்த வெயில் அரிசியாகி, கப்பலேறி, நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறாகி, பாதி தட்டில் மிஞ்சி மேசையில் கிடக்கிறது. காக்கைக்கு இது இந்தத் தீவின் வெயிலோடு சம்பந்தமே இல்லாத வருமானம். இங்குள்ள காடு எத்தனை காக்கையைத் தாங்கும் என்ற கேள்வியே எழாமல் போகிறது. சுட்டால் குறையும், கூட்டைக் கலைத்தால் அடுத்த மரத்துக்குப் போகும், சாப்பாடு இருக்கும்வரை மறுபடி நிரம்பும். மரத்தை வெட்டினால் நமக்கு நிழல் போவதுதான் மிச்சம். உணவங்காடி நிலையங்களில் தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் அபராதம் என்று 2021இல் வந்தபோது நானும் முணுமுணுத்தவன்தான். இப்போது, பறவைக் கணக்கில் துப்பாக்கியைவிட அந்தத் தட்டுக்கு வலு அதிகம் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. மிச்சச் சோற்றை விட்டுவைக்கும் நாம், மரத்தடிச் சருகை மட்டும் ஒன்று விடாமல் கூட்டுகிறோம். விடிவதற்குள் நம் துப்புரவு ஊழியர்கள் எல்லாவற்றையும் பைகளில் கட்டி அனுப்பிவிடுகிறார்கள். புக்கிட் தீமா காட்டில் அதே சருகைக் கரையானும் காளானும் மக்கவைத்து வேருக்கே திருப்பித் தருகின்றன. வெப்பமண்டலக் காட்டு மண்ணில் சத்து அதிகம் தங்குவதில்லை, விழுந்த வேகத்தில் வேர் எடுத்துக்கொள்வதால்தான் காடு நிற்கிறது. இங்கே சருகை அள்ளிக்கொண்டு, அதே மரத்துக்கு உரம் வாங்கிப் போடுகிறோம்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இதில் மேடையேறிப் பேசும் தகுதி கிடையாது. என் அம்மா புரட்டாசிச் சனி தவறாமல் காக்கைக்குச் சோறு வைப்பவர். எள்ளும் நெய்யும் விட்டு, வாழையிலைத் துண்டில், கீழே புல்தரை ஓரமாக. வனவிலங்குச் சட்டத்தின்படி இது குற்றம், அபராதம் 10,000 வெள்ளி வரைகூடப் போகலாம். ஒரு கைப்பிடிச் சோற்றால் காக்கை பெருகிவிடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் எல்லா புளோக்கிலும் ஒவ்வொருவருக்கும் அவரவர் கைப்பிடி இருக்கிறது. பக்கத்து புளோக் தாத்தா புறாவுக்கு ரொட்டி போடுகிறார், அவருக்கும் அவர் காரணம் இருக்கும்.

போன சனிக்கிழமை அம்மாவிடம் பொறுமையாக எல்லாம் சொன்னேன். வெயில், அரிசி, பத்தில் ஒரு பங்கு, குயில். கேட்டுக்கொண்டே எள்ளை வறுத்துக்கொண்டிருந்தார். காக்கை இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கப்பலில் வந்த கதைக்கு வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார். அம்மப்பா யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா ரயில்வேயில் கிளார்க் வேலைக்குக் கப்பலேறி வந்தவர்.

"அப்ப அதுவும் எங்கட ஆக்கள்தானே? சோறு வைக்கப்படாது எண்டு எப்பிடிச் சொல்லுறாய்?"

பதில் சொல்ல வரவில்லை. இந்த வாரம் சோறு சுவாமி அறையில் அம்மப்பா படத்துக்கு முன்னால் வைக்கப்பட்டது, பிறகு அதை நான்தான் சாப்பிட்டேன். நெய் கொஞ்சம் கூடுதல். அடுத்த சனிக்கு அவர் இன்னும் வாக்குக் கொடுக்கவில்லை.