பில்லின் அடியில் இரண்டு வரிகள்

அப்பாவின் தகரப் பெட்டியை ஒழித்து வைத்தபோது 1998-ஆம் ஆண்டின் மிக்ஸி பில் ஒன்று கிடைத்தது. கார்பன் நீலம் இன்னும் மங்கவில்லை. அடியில் பொடி எழுத்தில் இரண்டு வரிகள்: ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’, ‘வழக்குகள் சென்னை எல்லைக்கு உட்பட்டவை’.

கல்யாணத்துக்குச் சென்னை போனவர் அங்கே வாங்கி, தென்காசி வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்த மிக்ஸி அது. இரண்டாவது வாரமே மோட்டார் புகைந்தது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-லேயே வந்துவிட்டதுதான். ஆனால் எதிர்த்தரப்பு இருக்கும் ஊரிலோ விவகாரம் நடந்த ஊரிலோதான் புகார் கொடுக்க முடியும். அப்பாவுக்கு இரண்டும் சென்னை. வாய்தாவுக்குப் போய்வரும் ரயில் செலவே மிக்ஸி விலையைத் தின்றுவிடும் என்று கணக்குப் போட்டு, பில்லை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார்.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் சட்டத்தைப் பற்றி எல்லோரும் ஆன்லைன் வணிகம், விளம்பர நடிகர்களுக்கு அபராதம் என்றே பேசினார்கள். என்னைக் கேட்டால், புகார்தாரர் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்ற சின்ன உட்பிரிவுதான் அதன் உயிர். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. பில்லின் முதல் வரிக்கும் அடி விழுந்தது: பழுதான பொருளை, பில்லில் கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதே முறையற்ற வணிகம். (மனம் மாறிவிட்டது என்று புடவையைத் திருப்பிக் கொடுப்பதற்கு இது பொருந்தாது.)

முழுக்க மெச்சவும் மனம் வரவில்லை. எவ்வளவு விலை கொடுத்து வாங்கியது வரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம் என்ற வரம்பை 1 கோடி ஆக்கினார்கள். 2021 டிசம்பரில் அதையே 50 லட்சமாகக் குறைத்தார்கள். 60 லட்சம் கொடுத்து வீடு வாங்கி ஏமாந்தவர் மறுபடி மாநில ஆணையத்துக்குப் பயணப்பட வேண்டும். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த மூன்று மாதத்தில் தீர்க்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்வதை, வாய்தா வாங்கி அலைந்தவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

போன மாதம் ஒரு கடையில் வாங்கிய எமர்ஜென்சி விளக்கு எரியவில்லை. எடுத்துப் போனேன், மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். புதுப் பில்லைப் பார்த்தால் அடியில் அதே வரி, ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’. காட்டினேன்.

“பழைய பில் புத்தகம் சார், தீரட்டும்” என்றார் கடைக்காரர்.