ரெண்டு சட்டை ராஜா

(குடியாத்தம் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணை. அண்ணி வசந்தாவும் நாத்தனார் மல்லிகாவும் மடியில் முறத்தோடு பீடி சுற்றுகிறார்கள்.)

வசந்தா: நேத்து ராத்திரி இன்னாடி படம், ஒரே வெள்ளக்காரன் மூஞ்சியா இருந்துச்சி?

மல்லிகா: பையன் செல்லுல போட்டான் அண்ணி. தமிழ்லதான் பேசுறாங்க. இங்கிலாந்து ராஜா சார்லஸுக்கும் கிராம்வெல்னு ஒரு தலைவருக்கும் சண்ட.

வசந்தா: சண்டப் படமா? நல்லாருக்குமே!

மல்லிகா: சண்ட ரெண்டு நிமிசம். மீதியெல்லாம் மேஜையாண்ட குந்திகினு பேச்சு. ராஜா தலய வெட்டச் சொல்லி 59 பேரு கையெழுத்து போட்டாங்க. அத காட்டுறான் பாரு... ஒருத்தன் வரான், இறகுப் பேனாவ எடுக்குறான், மோட்டப் பாக்குறான், கையெழுத்து போடுறான், அரக்க உருக்கி முத்திர குத்துறான். அப்பால அடுத்தவன். நா இலைய வெட்டி, தூளு போட்டு, சுத்தி, நூலு கட்டி, தலய மடக்கி ஒரு கட்டே முடிச்சிட்டேன். அங்க வரிச கொறையவே இல்ல!

வசந்தா: வெட்டுனாங்களா இல்லியா?

மல்லிகா: 1649 ஜனவரில. செம குளிரு. நடுங்குனா, பயந்துட்டான்னு சனங்க நெனைக்குமேன்னு ராஜா ரெண்டு சட்ட போட்டுகினான்.

வசந்தா: ஐய, பாவம்!

மல்லிகா: பாவந்தான். ரெண்டாவது சட்டையில கைய வுடுறதுக்குள்ள நா தூங்கி வுழுந்துட்டேன்.

வசந்தா: நம்ம வேலூர் கோட்டையில கூட கண்டி ராஜாவ வெள்ளக்காரன் அடச்சி வச்சானே. 1816லேருந்து சாவுற வரைக்கும், பதினாறு வருசம்.

மல்லிகா: அந்த டைரக்டரு காதுல போட்றாத அண்ணி. பதினாறு வருசத்தயும் காட்டுவான்.

வசந்தா: அப்பால, தலைவரு ராஜா ஆனாரா?

மல்லிகா: 1657ல கிரீடத்த நீட்டுனாங்க. வேணுமா வேணாவான்னு, பொண்ணு பாத்துட்டுப் போன மாப்ள வூட்டுக்காரங்க மாதிரி வாரக்கணக்கா யோசன. கடசில வேணாம்னுட்டாரு. அடுத்த வருசம் செத்தாரு. படம் முடிஞ்சிது.

வசந்தா: அவ்ளோதானா?

மல்லிகா: அதான் வயித்தெரிச்சலு! வெட்டுப்பட்ட ராஜா மவன் பட்டத்துக்கு வந்தான் இல்ல, 1661ல கிராம்வெல் பொணத்தத் தோண்டியெடுத்து தூக்குல போட்டு, தலய வெட்டி கம்புல குத்தி வச்சாங்களாம். அந்தத் தல கை மாறிகினே இருந்து, 1960லதான் பொதச்சாங்களாம். எல்லாம் பையன் சொன்னது. படத்துல ஒரு வரி எழுத்தாக்கூட காட்டல.

வசந்தா: அடியம்மா, அதுல்லடி படம்! சரி, ராத்திரி நம்ம வூட்டாண்ட வந்து அதையே இன்னொரு வாட்டி போடு.

மல்லிகா: இன்னாத்துக்கு?

வசந்தா: காலையில கம்பெனிக்கு ஆயிரம் பீடி எண்ணிக் குடுக்கணும். சீரியல் வச்சா கை நின்னு பூடுது.